மோப்ப நாய் நின்ற இடம்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஓசியில் பேப்பர் படிப்பது, ரிடையர் ஆன பிறகு எனக்கு வாய்த்திருக்கும் உத்தியோகம். முதலில் கிரிக்கெட். அப்புறம் கண்ணீர் அஞ்சலி. அப்புறம் உள்ளூர்த் திருட்டு. திருட்டுச் செய்தியில் எத்தனை பவுன் போச்சு என்பதைவிட எனக்கு முக்கியமானது கடைசிக்கு முந்தின பாரா. பல வருஷமாக அது மாறவே இல்லை. மோப்ப நாய் வரவழைக்கப்படும். அது வீட்டைச் சுற்றி வந்து, மெயின் ரோடு பஸ் ஸ்டாப் வரை ஓடி, அங்கே நின்றுவிடும். யாரையும் கவ்விப் பிடிக்காது.

'இன்னைக்காச்சும் புடிச்சுதா சார்?' என்பார் டீ மாஸ்டர்.

'இல்லப்பா. பஸ் ஸ்டாப்ல நின்னுடுச்சு.'

'சில்லறை குடுத்து அனுப்பியிருக்கணும் சார்.'

சிரித்துவிட்டு வந்துவிடுவேன். போன மாசம்தான் இந்தப் பாராவின் மகிமை எனக்குப் புரிந்தது. காரணம் என் தங்கை மகன்.

பையன் பூந்தமல்லி பக்கம் கிராஃபிக்ஸ் வேலை பார்க்கிறான். அந்த நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் போகும் வழியில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி மாதிரி படப்பிடிப்புத் தளங்கள் உண்டு. வேலை முடிந்து அந்தப் பக்கம் சுற்றிச் சுற்றி, சொந்தமாக ஒரு கதை பண்ணியிருக்கிறான். ஃபேன்டஸி. ஒரு சின்னப் பெண், அவளுக்கு ஒரு விசித்திரப் பிராணி. அதற்குப் பத்து கிலோமீட்டர் தூரத்து வாசனை தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். சுவருக்குப் பின்னால் இருப்பது தெரியும். எண்பது பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிடும்போதே கேட்டான்:

'எப்படி மாமா இருக்கு?'

'நல்லாத்தான் இருக்கு. இதால எதுடா முடியாது?'

'எல்லாமே முடியும் மாமா. ஃபேன்டஸி இல்ல?'

அங்கேதான் எனக்கு அந்த மோப்ப நாய் ஞாபகம் வந்தது. பையனுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வாரம் எழுதுவது அந்தப் பதில். கூடவே, அவனை இப்படி எழுத வைத்த நம் சினிமாக்களுக்கு ஒரு விமர்சனம்.

* * *

முதலில் நாய். மனுஷ மூக்கில் வாசனையை வாங்கும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். இந்தக் கணக்கு எல்லோரும் சொல்வதுதான். ஆச்சரியம் எண்ணிக்கையில் இல்லை. ஒரு மனுஷன் நடந்து போன தடத்தில் நாயைக் குறுக்கே கொண்டுபோய் விட்டால், நாலைந்து காலடியை முகர்ந்துவிட்டு அவன் போன திசையைக் கண்டுபிடித்துவிடும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒன்றிரண்டு விநாடிதான் வித்தியாசம். எது கொஞ்சம் பழசு, எது கொஞ்சம் புதுசு என்று அதற்குத் தெரிகிறது. மணி பார்க்கிற மூக்கு அது.

அப்பேர்ப்பட்ட மூக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. ஏன்? திருடன் பஸ் ஏறிவிட்டான். அவன் உடம்பிலிருந்து உதிர்ந்த வாசனையும் அவனோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆக, நாய் தோற்கவில்லை. 'இதோ பார், ஆசாமி நடந்து வந்தான், இங்கே வண்டி ஏறினான்' என்று முழு வாக்குமூலம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. 'யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை' என்பது நிருபரின் ஆதங்கம். 'நின்றுவிட்டது' என்பது நாயின் சாதனை.

நம் சினிமா நாய் பஸ் ஸ்டாப்பில் நிற்காது. நேராக வில்லன் பங்களாவுக்குப் போய், நாலு அடியாட்களைத் தாண்டி, வேட்டியைக் கவ்வும். நாம் கை தட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவோம். எல்லாம் தெரிந்த பிராணியைப் பார்த்து நமக்குப் பயமும் வருவதில்லை, பாசமும் வருவதில்லை. இந்த இடத்துக்கு மேல் இதால் முடியாது என்கிற கோடு தெரிந்தால்தான், அந்தக் கோடு வரைக்கும் அது ஓடி வந்தது பெரிசாகத் தெரியும்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் வரும் கருப்பி இதற்கு விதிவிலக்கு. வேட்டை நாய். வேகம், மோப்பம், காது எல்லாம் உண்டு. அதைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள். ரயில் வருவது நமக்குக் கேட்பதற்கு வெகு முன்னால் அந்த நாய்க்குக் கேட்டிருக்கும். அந்தக் காதை வைத்துக்கொண்டு அதால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, கயிறு இருக்கிறதே. செத்துப்போன பிறகு நீல நிறத்தில் கருப்பி திரும்பி வரும்போது தியேட்டரில் யாரும் 'லாஜிக் இல்லையே' என்று சொல்லவில்லை. முதலில் ஒரு நிஜ நாயின் இயலாமையைக் காட்டிவிட்டார்கள். அப்புறம் வருகிற மாய நாயை நம்ப நாம் தயாராக இருந்தோம்.

* * *

அடுத்து பாம்பு. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் திருவேற்காடு. கருமாரியம்மன் கோயிலில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிற கூட்டத்தை ஆடி மாசத்தில் போய்ப் பார்க்க வேண்டும். என் மனைவியும் வைப்பாள். பாம்பு பால் குடிக்காது என்று அவளுக்கு நான் இதுவரை சொன்னதில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும். பக்தி வேறு கணக்கு, அதில் கை வைக்க நான் வரவில்லை. எனக்குத் தகராறு சினிமாப் பாம்போடு.

'அவனுக்குப் பாம்புக் காது' என்போம். பழைய தமிழில் பாம்புக்குக் கட்செவி என்று ஒரு பெயர் உண்டு. கண்ணே செவி. காதே தெரியாத பிராணி, ஆள் வந்தால் மட்டும் எப்படித் திரும்புகிறது என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். கண்ணால்தான் கேட்கிறது போலிருக்கு என்று முடிவு கட்டியிருக்கிறான். தப்புதான். ஆனால் பார்த்துவிட்டுச் செய்த தப்பு. அதனால் மரியாதைக்குரிய தப்பு. (இப்போது அதே சொல்லை எடுத்து வாட்ஸ்அப்புக்கு 'கட்செவி அஞ்சல்' என்று பெயர் வைத்து, சில பத்திரிகைகளில் எழுதவும் எழுதுகிறார்கள். பாம்புக்கு இத்தனை ஃபார்வர்டு வருமா, தெரியவில்லை.)

உண்மை என்ன? பாம்புக்கு வெளிக் காதும் செவிப்பறையும் கிடையாது. உள் காது உண்டு. தரையில் படிந்திருக்கும் தாடை எலும்பு வழியாக அதிர்வு அங்கே போகிறது. காற்றில் வரும் தாழ்ந்த சுருதிச் சத்தமும் ஓரளவு எட்டும். மகுடிக்கு ஆடுகிறதே என்றால், அது ராகத்துக்கு ஆடவில்லை. மகுடி அசைகிற பக்கமெல்லாம், அடிக்க வருகிற ஆசாமியைப் பார்ப்பது மாதிரி, பயந்துகொண்டு திரும்புகிறது. பாம்பின் உண்மையான மேதைமை நாக்கில் இருக்கிறது. வெளியே நீட்டிக் காற்றின் வாசனையைத் தொட்டு உள்ளே இழுத்து, மேலண்ணத்தில் ஜேகப்சன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டு போகிறது. நாக்கு ஏன் பிளந்திருக்கிறது? இடது முனையில் வாசனை அதிகமா, வலது முனையில் அதிகமா என்று ஒப்பிட்டுத் திசை பிடிக்க. இதைவிட அழகான ஃபேன்டஸியை எந்தக் கதாசிரியன் எழுதுவான்?

ஆனால் 'நீயா?' (1979) தொடங்கி நம் படங்களில் பாம்பு என்ன செய்தது? ஜோடியைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பழி வாங்கியது. செத்த பாம்பின் கண்ணில் கொலைகாரன் முகம் ஃபோட்டோ மாதிரி பதிந்துவிடும் என்ற நம்பிக்கையை வைத்தே எத்தனை இடைவேளைகள்! பிற்பாடு வந்த அம்மன் படங்களில் பாம்பு தாலி காத்தது, சாட்சி சொன்னது, அம்மனுக்குக் குடை பிடித்தது. ஒரு படத்திலாவது மோப்பம் பிடித்ததா? நாக்கை நீட்டுவது மிரட்டத்தான் என்றே டைரக்டர்கள் கடைசி வரை நினைத்தார்கள். கையில் இருந்த வைரத்தை வைத்துக் கோலி விளையாடினார்கள்.

நிஜத்தில் பாம்பைத் தேடிப் போகிறவர்கள் இருளர்கள். மகுடி ஊதுவதில்லை. மண்ணில் உள்ள தடம், சட்டை உரித்த இடம், எச்சம் இவற்றைப் பார்ப்பார்கள். 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேரை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துத் தர. கையில் இரும்புக் கம்பி ஒன்றோடு புதரைப் பார்த்துப் பார்த்துப் போய்ப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. பாம்பின் புலன் எதுவரை என்பது தெரிந்த மனுஷனுக்குத்தான் பாம்பு அகப்படுகிறது.

* * *

இப்போது ஷங்கர். 'எந்திரன்' (2010) படத்தில் சிட்டி ரோபோ கதாநாயகியைக் கடித்த கொசுவைத் தேடிப் போய், கொசு பாஷையில் பேசி, அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைக்கும். அம்பத்தூர், ஆவடி வாசிகளான எங்களுக்கு அது நகைச்சுவைக் காட்சி இல்லை, லட்சியக் கனவு. சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் கொசுவிடம் இருக்கும் சமாச்சாரம் சிட்டியிடம்கூட இல்லை. நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு அது இருட்டில் ஆளைத் தேடி வருகிறது. ஆண் கொசு, பெண் கொசுவின் இறக்கைச் சத்தத்தின் சுருதியைக் கேட்டு ஜோடி தேடுகிறது. நம் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த 'ங்கொய்ங்' அவர்களுக்குக் காதல் பாட்டு.

'2.0' (2018) இன்னும் வருத்தம். செல்ஃபோன் கோபுரங்களால் பறவைகள் அழிகின்றன, அதனால் ஒரு பறவை ஆர்வலரின் ஆவி ராட்சசப் பறவையாக வந்து ஃபோன்களைப் பறித்துக்கொள்கிறது. சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கோபுரம்தான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. அதை விடுங்கள், கதைதானே. எனக்குக் குறை என்னவென்றால், படத்தில் பறவை என்பது வெறும் உருவம். நிஜப் பறவைகள் சிலவற்றுக்குப் பூமியின் காந்தப்புலம் தெரியும். உள்ளேயே திசைகாட்டி. 2014-ல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஊருக்குள் இருக்கும் மின் சாதனங்களும் ஏ.எம். ரேடியோ அலைவரிசையும் கிளப்பும் மின்காந்த இரைச்சலில், ராபின் என்ற சின்னப் பறவைக்குத் திசை தெரியாமல் போய்விடுகிறது. கூண்டைச் சுற்றித் தகடு அடித்து அந்த இரைச்சலைத் தடுத்ததும் திசை திரும்பி வந்தது. இது செல்ஃபோன் அலைவரிசை இல்லை, ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரு பறவை தன் ஊருக்குப் போகிற வழியை மறந்து நம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு என்ன ஆச்சு என்று நமக்குத் தெரியாது. இந்த ஒரு காட்சிக்கு முன்னால் அத்தனை கோடி கிராஃபிக்ஸும் எம்மாத்திரம்?

சரியாகச் செய்தவர் ராஜமௌலி. 'நான் ஈ' (2012). செத்தவன் ஈயாகப் பிறக்கிறான் என்பதைவிட நம்ப முடியாத கதை இருக்க முடியாது. ஆனால் அதற்கப்புறம் டைரக்டர் கறார். ஈ பேசாது. காதலியிடம் தான் யார் என்று சொல்ல எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும். பூச்சி மருந்து அடித்தால் சாகும், அதனால் அவள் அதற்கு முகமூடி செய்து தருகிறாள். ஈயின் ஒரே சொத்து கண்ணும் வேகமும். நம் கண்ணுக்கு விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் மினுக்கும் விளக்கு நிலையாக எரிவதாகத் தெரியும். ஈயின் கண் இருநூறு தடவைக்கு மேல் போனாலும் மினுக்கலைப் பிரித்துப் பார்க்கும். நாம் ஓங்கி அடிப்பது அதற்கு ஸ்லோ மோஷன். இந்த ஒரு சொத்தையும் நூறு பலவீனங்களையும் வைத்து இரண்டு மணி நேரம் நம்மை ஈக்காகப் பதற வைத்தார்.

* * *

இதெல்லாம் புதுச் சரக்கு இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஆட்கள் இந்த வித்தையில் கில்லாடிகள்.

சங்க இலக்கியத்தில் அசுணமா என்று ஒரு பிராணி வருகிறது. விலங்கா, பறவையா என்பதிலேயே பின்னால் வந்தவர்களுக்குள் அபிப்பிராய பேதம். யாரும் பிடித்து வந்து காட்டவில்லை. அதன் ஒரே விசேஷம் காது. யாழ் இசை கேட்டால் மயங்கி வந்து நிற்கும். உடனே பறையை அடித்தால் தாங்காமல் உயிரை விட்டுவிடும். வேட்டைக்காரர்கள் இதைத்தான் செய்தார்களாம். யாழை வாசித்து வரவழைத்து, பறையை அடித்துக் கொல்வது.

கவனியுங்கள். இதற்குக் கடல் தாண்டிக் கேட்கும் என்று சொல்லவில்லை. சுவரைத் துளைத்துக் கேட்கும் என்று சொல்லவில்லை. நுட்பமான காது, அந்தக் காதுதான் அதன் சாவு. வரத்தையும் சாபத்தையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள்.

நற்றிணை 304-வது பாட்டு, மாறோக்கத்து நப்பசலையார் எழுதியது. தலைவி சொல்கிறாள்: அவன் சேர்ந்தால் இன்பம், பிரிந்தால் துன்பம். அவன் மார்பு அசுணத்தைக் கொல்கிறவர்களின் கையைப் போல இரண்டையும் தருகிறது. காதைச் சொல்லவில்லை, யாழைச் சொல்லவில்லை. கையைச் சொல்கிறாள். வாசித்ததும் அந்தக் கைதான், அடித்ததும் அந்தக் கைதான்.

இங்கே ஒரு இடைச்செருகல். பறை என்றால் இரைச்சல் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். திணைக்கொரு யாழ் வைத்த மாதிரியே திணைக்கொரு பறையும் வைத்திருந்தவர்கள் நாம். திருமுல்லைவாயல் பக்கம் ஒரு விழாவில் பறை கேட்டு, என் வயசுக்கும் மூட்டு வலிக்கும் பொருந்தாமல் நான் ஆடியதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். குற்றம் பறையுடையது இல்லை. யாழை நம்பித் திறந்த காதில் அதை இறக்கிய கையுடையது.

அகநானூறு 88 இன்னும் நுட்பம். ஈழத்துப் பூதன்தேவனார் பாட்டு. மதம் பிடித்த யானையைச் சுற்றி வண்டுகள் ரீங்காரம் பண்ணுகின்றன. பாறைப் பிளவுக்குள் இருக்கும் அசுணம் அதை யாழ் என்று நினைத்து உற்றுக் கேட்கிறது. அத்தனை கூர்மையான காது, ஏமாந்துபோகிறது! அதே பாட்டில், தினை தின்ன வருகிற பன்றி, பல்லி சொல்லும் சகுனத்தைக் கேட்டுவிட்டுத்தான் கொல்லைப் பக்கம் நெருங்குகிறது. நிஜப் பிராணி ஒன்று, மாயப் பிராணி ஒன்று. இரண்டுக்கும் காது, இரண்டும் தனக்கு வேண்டியதைக் கேட்கின்றன. கவிஞர் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. அதனால்தான் அசுணத்தை நம்மால் நம்ப முடிகிறது. பக்கத்திலேயே ஒரு பன்றி இருக்கிறதே.

காதுக்கு எட்டாத சங்கதி என்பதற்காகக் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. சென்னைக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996), அ. மாதவையாவின் மகன், காடு காடாகச் சுற்றி எழுதியவர். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்வதை முதலில் கவனித்துச் சொன்னவர் அவர்தான் என்கிறார்கள். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி ஆசிய யானைகளின் கூண்டருகே நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சின்ன வயசில் சர்ச்சில் ஆர்கன் வாத்தியத்தின் அடிக்கட்டை வாசித்தபோது உடம்பில் உணர்ந்த அதே துடிப்பு. கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தால், யானைகள் பேசிக்கொண்டிருந்தன. 'நல்ல நேரம்' (1972) காலத்திலிருந்து நம் சினிமா யானை சந்தோஷம், துக்கம், கோபம் எல்லாவற்றுக்கும் பிளிறித்தான் தீர்க்கிறது. யானை தன் சொந்த சமாச்சாரத்தை நமக்குக் கேட்காமல் பேசும் என்பது தெரிந்தால், சவுண்ட் இன்ஜினீயர் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருப்பார். அந்த நிசப்தத்துக்கே தியேட்டர் உறைந்திருக்கும்.

* * *

இத்தனையும் பையனிடம் ஃபோனில் சொன்னேன். 'சரி மாமா, ஆனா பாக்கறவங்களுக்கு மாஸ் வேணும்ல?' என்றான். அப்போதுதான், இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவனுக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எங்கள் தெருவில் கறுப்பாக ஒரு நாய் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லை. எல்லா வீட்டுப் பழைய சோறும் அதற்குச் சொந்தம். சாயங்காலம் தெருமுனையில் என் ஸ்கூட்டர் திரும்புவதற்கு முன்பே எழுந்து கேட்டுக்கு வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் என் மனைவி அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைப்பாள். தெருவில் எத்தனையோ ஸ்கூட்டர். என் வண்டியின் இருமல் மட்டும் எப்படியோ அதற்குத் தெரியும்.

தீபாவளி. பையனுக்கு எட்டு வயசு. அவன் கேட்டான் என்று இரண்டாயிரம் வாலா வாங்கியிருந்தேன். தெருவில் சரத்தை விரித்துக்கொண்டிருக்கும்போது நாய் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் கூப்பிட்டேன் என்றுதான் வந்தது. எப்போதும் போல நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டிருந்தேன், பழக்க தோஷம். முறுக்கு ஒன்று போட்டேன். தின்றது. திரியைக் கொளுத்தினேன்.

மனுஷக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். நமக்கே நெஞ்சு அதிரும் சத்தத்தில் நாம் கேட்காத பாதியும் சேர்ந்து அதற்கு இறங்குகிறது. அது ஓடின ஓட்டத்தை நான் பார்த்தேன். பையன் சரத்தைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தான், அதனால் பார்க்கவில்லை. மறுநாள் தேடினேன். அதற்கு மறுநாளும். சி.டி.எச். ரோடு வரைக்கும் போய், பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அந்தப் பக்கம் போச்சா, இந்தப் பக்கம் போச்சா, எப்படிச் சொல்ல? லாரியும் பஸ்ஸுமாகப் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வந்துவிட்டேன். அது வரவேயில்லை.

ரொம்ப வருஷம் கழித்து நற்றிணைப் பாட்டைப் படித்தபோது, தலைவியின் பிரிவுத் துயரம் எனக்குத் தோன்றவே இல்லை. முறுக்குப் போட்டதும் திரி கொளுத்தியதும் ஒரே கை என்பதுதான் தோன்றியது.

சட்டம் வராமல் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரம் குறித்தது. தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று அரசு அறிவித்தது. எங்கள் தெருவுக்கு அந்தக் கடிகாரம் இன்னும் வந்து சேரவில்லை. அதே சமயம், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. நத்தைகுத்தி நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டும் கண்மாய். அந்த ஊர்க்காரர்கள் பல பத்து வருஷமாகத் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை, கோயில் திருவிழாவுக்கும் வெடிப்பதில்லை. அவர்களில் எத்தனை பேர் அகநானூறு படித்திருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் பறவைக்கும் காது இருக்கிறது, அந்தக் காது நம் காது இல்லை என்பது தெரிந்திருக்கிறது. ஒரு விமர்சகன் எழுத்தாளனிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

ஆகவே மருமகனே, மாயப் பிராணி எழுது. இறக்கை வை, மூன்று கண் வை, தடையில்லை. மூன்றே கேள்வி கேட்டுக்கொள். அதற்கு எது தெரியாது? தெரிந்ததால் அதற்கு என்ன வலி? அது எந்த இடத்தில் நிற்கும்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஃபோனில் ரொம்ப நேரம் பேசவில்லை. 'அந்த நாய் எனக்கு ஞாபகமே இல்ல மாமா' என்றான் கடைசியில். 'உனக்கு எட்டு வயசுடா' என்றேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்குக் கட்செவி அஞ்சலில் ஒரு வரி வந்தது:

'மாமா, அந்தப் பிராணி ஊர்த் திருவிழாவுல ஓடிப்போற மாதிரி மாத்தறேன். எங்க போய் ஒளியும்?'

எனக்குத் தெரியவில்லை என்று பதில் போட்டேன். அன்றைக்குக் கண்டுபிடித்திருந்தால் சொல்லியிருக்கலாம்.